வேல் பிடித்தவன் எல்லாம் ஸ்பியரா? பழங்காலப் படைவகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். சிறு பொம்மைகளை வைத்துப் பழங்காலப் போர்களை ஆடுகிறோம். புதிதாகப் படியேறி வருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்தில் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தான். கீழே மாமாக் கடையில் வாங்கிய தே தாரே தேநீர் ஆறிப்போகும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிட்டேன். கருத்துகள் என்னுடையவை. மாடியில் எல்லோரும் ஒப்புக்கொண்டவை என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் ஆடுவது சரியாக என்ன?

பெரும்பாலும் டிபிஏ. முழுப் பெயர் 'டே பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்', பழங்காலப் போர்கள் பற்றி என்று பொருள். இங்கிலாந்தில் ஃபில் பார்க்கர் குழுவினர் 1990இல் வெளியிட்ட விதிகள். ஒரு பக்கத்துக்கு 12 பலகைகள் (பொம்மைகளை ஒட்டிய சிறு தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு), இரண்டடிக்கு இரண்டடி மேசை, ஆளுக்கொரு பகடை, ஒரு மணி நேரம். நான்கு பலகைகளை இழந்து, எதிரியைவிடக் கூடுதலாகவும் இழந்திருந்தால் தோல்வி. 2014இல் 3.0 பதிப்பு வந்துவிட்டது. எங்கள் மாடியில் பாதிப் பேர் இன்னும் 2.2இல்தான் இருக்கிறோம். மோதும்போது ஒவ்வொரு வகைக்கும் ஒரு சண்டைப் புள்ளி உண்டு, அதோடு பகடையைக் கூட்டிப் பார்ப்போம். கீழே நான் சொல்லும் எண்கள் 2.2இன் எண்கள்.

படைவகை என்றால் கையிலிருக்கும் ஆயுதம்தானே? அதில் என்ன குழப்பம்?

என் அக்கா மகன் முதல் நாளே இதைக் கேட்டான். பொம்மையைத் தூக்கிப் பிடித்து, "மாமா, இவன் வேல் வச்சிருக்கான். அப்ப ஸ்பியர்தானே?" என்றான். ஸ்பியர் என்பது நெருங்கி வரிசையாக நின்று தாங்கும் வேல்காரர்களின் வகை. இல்லைடா என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

அவன் யோசித்த மாதிரிதான் ஒரு காலத்தில் விதிகளும் இருந்தன. பார்க்கர் குழு 1969இல் வெளியிட்ட முதல் விதிகளும் அதன் பின்வந்த பதிப்புகளும் கவசத்தையும் ஆயுதத்தையும் பார்த்தே பிரித்தன. கனரகக் காலாள், நடுத்தரக் காலாள், இலகு காலாள்; கையில் எறிவேலா, நீள்வேலா; கேடயம் உண்டா இல்லையா. அதற்குமேல் ஒழுங்குப்படையா, ஒழுங்கற்றதா, துணிச்சல் எந்தத் தரம் என்றெல்லாம் கூட்டிக் கழித்து ஓர் அட்டவணை. கணக்கு வாத்தியார்களுக்குச் சொர்க்கம்.

டிபிஏ அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டது: தூரத்தில் குன்றின்மேல் நிற்கும் தளபதியின் கண்ணுக்கு இந்தக் கூட்டம் என்ன செய்வதாகத் தெரிந்திருக்கும்? நெருங்கி வரிசையாக நின்று தாங்கினார்களா, ஓலமிட்டுப் பாய்ந்தார்களா, எறிந்துவிட்டு ஓடினார்களா? அதுதான் வகை. கையில் என்ன இருந்தது என்பது சாட்சியங்களில் ஒன்று. தீர்ப்பே அதுவல்ல.

ரோமானியப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போரிட்ட காலத்து லீஜியனில் (ரோமானியரின் பெரும் படைப்பிரிவு) முதல் இரண்டு வரிசைக்காரர்கள் எறிவேல் வைத்திருந்தார்கள். அதை வீசிவிட்டு வாளோடு பாய்வார்கள். அவர்கள் பிளேட். மூன்றாம் வரிசையில் இருந்த மூத்தவர்கள், ட்ரியாரி, குத்தும் வேலோடு மண்டியிட்டுக் காத்திருப்பார்கள். அவர்கள் ஸ்பியர். முன்னால் ஓடி எறிந்துவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் ப்ஸைலாய். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே லீஜியன், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு வேல். வகை மட்டும் மூன்று.

மொத்தம் எத்தனை வகை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். குதிரையில் மூன்று தெரிந்தால் போதும். மோதி உடைப்பவன் நைட், வந்து தாக்கி விலகி மறுபடி வருபவன் கேவல்ரி, கிட்டவே வராமல் அம்பு விட்டுச் சுற்றுபவன் லைட் ஹார்ஸ். கி.மு. 53இல் கார்ரேயில் பார்த்தியர்கள் சுமார் 1,000 இரும்புக் கவசக் குதிரைவீரர்களையும் 10,000 வில்குதிரைகளையும் கொண்டு ரோமானியத் தளபதி கிராஸஸின் படையை அழித்தார்கள். நைட்டுக்கு அஞ்சி நெருங்கி நின்றால் அம்பு விழும், அம்புக்கு அஞ்சி விலகி நின்றால் நைட் பாயும். இரண்டும் வெவ்வேறு வகை என்பதை அன்றைக்கு ரோமானியர் உடம்பாலேயே படித்தார்கள்.

காலாளில் பிளேட், ஸ்பியர், பைக், வார்பேண்ட் (ஓலமிட்டுப் பாய்பவர்கள்), ஆக்ஸிலியா (ப்ஸைலாயைவிடக் கொஞ்சம் சேர்ந்து நிற்பவர்கள்), பவ் (வில்லாளிகள்), ப்ஸைலாய், ஹோர்ட். பைக் என்றதும் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்க்காதவர் இதுவரை ஒருவரும் இல்லை. இது ஐந்தரை மீட்டர் நீள்வேல். இவை போக யானை, அரிவாள் கட்டிய தேர், ஒட்டகம், கல்லெறி பொறி, போர்வண்டி. ஹோர்ட் என்பது வலுக்கட்டாயமாக அழைத்து வந்த கூட்டம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நிற்பார்கள், சாவார்கள்.

பிளேடுக்கு 5, வார்பேண்டுக்கு 3. அப்புறம் வார்பேண்டை யார் எடுப்பார்கள்?

நல்ல கேள்வி. இந்த விளையாட்டின் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது.

போன மாதம் நடந்ததையே சொல்கிறேன். எதிரில் இருந்த அண்ணனுடைய காலியர் (இன்றைய பிரான்சில் இருந்த பழங்குடியினர்) வார்பேண்ட் என் பிளேடோடு முட்டியது. நான் பகடையில் 2 போட்டேன், 5ஐக் கூட்டினால் 7. அவர் 5 போட்டார், 3ஐக் கூட்டினால் 8. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மற்ற எவராக இருந்தாலும் நான் ஒரு பலகை ஆழம் பின்வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். வார்பேண்ட் என்பதால் என் பிளேட் அங்கேயே ஒழிந்தது. அடுத்த பலகையில் நான் 3, அவர் 4. எனக்கு 8, அவருக்கு 7. நான் ஜெயித்தேன். ஆனால் அவர் வெறுமனே பின்வாங்கினார், சாகவில்லை. பிளேட் வார்பேண்டைக் கொல்ல இரட்டிப்புப் புள்ளி வேண்டும்.

நின்று சண்டை போட்டால் பத்தில் ஏழு முறை ரோமானியன்தான் ஜெயிப்பான். ஆனால் அந்த முதல் பாய்ச்சலில் அவன் வரிசை ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். காலியர் பற்றி ரோமானிய எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாகப் புலம்பியதை இரண்டு எண்ணும் ஒரு விதியும் சொல்லிவிடுகின்றன. எடை, கவசம், துணிச்சல் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தால் இந்தச் சித்திரம் கிடைத்திருக்காது.

ஸ்பியருக்கும் பைக்குக்கும் நீளம் மட்டும்தானே வேறுபாடு?

ஆழமும்தான். மாசிடோனியரின் அடிப்படை அணி 16 வரிசை, வரிசைக்கு 16 பேர், மொத்தம் 256. முதல் வரிசைக்காரனைத் தாண்டி ஐந்து வரிசைகளின் வேல்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதியிருக்கிறார். மேசையில் பைக் தனியாக நின்றால் காலாளுக்கு எதிராக 3தான், பரிதாபம். பின்னால் இன்னொரு பைக் நின்றால் கூட 3, ஆக 6. பிளேடின் 5ஐ முந்திவிடும்.

ஆனால் உங்களிடம் மொத்தமே 12 பலகைதான். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் வரிசை குறுகும். குறுகினால் எதிரி ஓரத்தில் வந்து ஒட்டுவான், அதற்கு 1 கழியும். கரடுமுரடான நிலத்துக்குள் போனால் 2 கழியும், பின்துணையும் போய்விடும். கி.மு. 168இல் பிட்னாவில் நடந்தது இதுதான். சமநிலத்தில் ரோமானியரைத் தள்ளிக்கொண்டே போன அணி, மேடுபள்ளத்தில் ஏறியதும் பிளந்தது. பிளவுக்குள் வாளோடு நுழைந்தார்கள். மேசையில் இதற்கென்று தனி விதி ஒன்றும் கிடையாது. கழித்தல் கணக்கிலேயே பிட்னா வந்துவிடுகிறது.

பொம்மைக்குக் கம்பி வேல் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தென்னை ஈர்க்குமாற்றில் மெல்லிய ஈர்க்காகப் பார்த்து 48 மில்லிமீட்டருக்கு வெட்டினால் 15 மி.மீ. ஆளுக்கு ஐந்தரை மீட்டர் சரியாக வரும். கம்பி கையைக் குத்தும், ஈர்க்கு வளைந்து கொடுக்கும்.

யானை என்றால் எல்லாவற்றையும் மிதித்துவிடும் அல்லவா?

நம்மவர்கள் எல்லோரும் யானைப்படையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நைட்டை யானை ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் நைட் ஒழிந்தான். பழகாத குதிரை யானை வாடைக்கே மிரளும். காலாளுக்கு எதிராக 4, குதிரைக்கு எதிராக 5. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

யானையைக் கொல்வது யார் என்று பாருங்கள். இருப்பதிலேயே சின்னப் பலகை. இரண்டே பொம்மை, 2 புள்ளி, எறிவேல் பிடித்த ப்ஸைலாய். அவன் ஒரு புள்ளி கூடுதலாக எடுத்துவிட்டால் யானை போச்சு. இது விளையாட்டுக்காரர்கள் கட்டிய கதை என்று நினைத்தால் குறளைத் திறந்து 774ஐப் பாருங்கள்:

கைவேல் களிற்றொடு போக்கி வருபவன்
மெய்வேல் பறியா நகும்.

கையிலிருந்த வேலை யானைமேல் எறிந்துவிட்டு, அடுத்த வேலுக்காக வருகிறவன், தன் உடம்பில் தைத்திருந்த வேலைப் பிடுங்கிச் சிரிக்கிறான். வீரத்துக்காகச் சொன்ன குறள்தான். ஆனால் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கேடயத்தோடு கேடயம் சேர்த்து நிற்கவில்லை. தனியாளாக எறிகிறான், திரும்புகிறான், மறுபடி போகிறான். அக்கா மகனுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: கையில் வேல், வகை ப்ஸைலாய், அல்லது கொஞ்சம் சேர்ந்து நின்றால் ஆக்ஸிலியா. ஸ்பியர் அல்ல.

தளபதியை யானைமேல் ஏற்றலாமா?

ஏற்றலாம். போரஸ் கி.மு. 326இல் யானைமேல் இருந்துதான் அலெக்சாந்தரை எதிர்த்தான். ஆனால் உயரத்தில் இருப்பவன் எல்லோர் கண்ணிலும் படுவான். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான், 'ஆனைமேல் துஞ்சின' என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. 105 ஆண்டுகள் கழித்து, 1054இல் சாளுக்கியரை எதிர்த்த கொப்பம் போரில் சோழ அரசன் ராஜாதிராஜனும் அதே மாதிரி.

கொப்பத்தில்தான் விதியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. டிபிஏவில் தளபதிப் பலகை போய், இழப்பிலும் நீங்கள் முந்தியிருந்தால் ஆட்டம் முடிந்தது. கொப்பத்தில் அரசன் செத்ததும் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடி, கலைந்த படையைத் திருப்பி ஜெயித்தான். அதனால் சோழப் படைக்கு மட்டும் எங்கள் மாடியில் ஒரு வீட்டு விதி: தளபதி யானை விழுந்தால் ஒரு முறை பகடை உருட்டலாம், 6 விழுந்தால் இன்னொரு பலகை தளபதியாகும். சாளுக்கியப் படை எடுக்கும் அண்ணனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சோழப் படைக்கு என்னென்ன வகை எடுப்பது?

டிபிஏவின் பட்டியலில் தமிழரையும் சிங்களரையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். சங்க காலத்திலிருந்து பிற்காலம் வரை ஒரே மூட்டை. கோபப்படாதீர்கள், பல நூறு படைகளைப் பட்டியல் போட்டவர்களுக்கு அவ்வளவுதான் இடம் இருந்தது. ஆனால் நாம் கொஞ்சம் நுணுக்கமாக யோசிக்கலாம்.

சோழர் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன: வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள், கைக்கோளப் பெரும்படை, வேளைக்காரர். முதல் மூன்றும் செய்யும் வேலையையே பெயராகச் சொல்கின்றன. பவ், கேவல்ரி, யானை என்று தயங்காமல் வைத்துவிடலாம். குதிரையை நைட் ஆக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கடல் கடந்து விலைகொடுத்து வாங்கிய குதிரையை முழுப் பாய்ச்சலில் வேல் சுவர்மேல் முட்டவிடும் வழக்கத்துக்குச் சான்று இல்லை.

வேளைக்காரர்தான் சிக்கல். அரசனுக்காக உயிர்விடச் சபதம் செய்த படை. சபதம் என்பது ஆயுதமும் அல்ல, அணியும் அல்ல. இலங்கையில் விஜயபாகுவின் காலத்தில் இவர்கள் கிளர்ச்சியும் செய்தார்கள். பிறகு அதே பெயருள்ளவர்கள் பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காக்க ஒப்புக்கொண்டு கல்வெட்டும் வெட்டினார்கள். நான் பிளேடாக வைக்கிறேன். ஒருவர் வார்பேண்ட் என்கிறார், சபதம் செய்தவன் பாயத்தானே செய்வான் என்பது அவர் வாதம். இரண்டு ஞாயிறு இதிலேயே போனது. அவர் வாதமும் தவறில்லை என்று இப்போது கொஞ்சம் தோன்றுகிறது.

பழந்தமிழர் படையை இப்படி வகைப்படுத்தினார்களா?

வேறு விதமாக. குறளுக்கு உரை சொன்னவர்கள் படையை ஆறாகப் பிரிப்பார்கள்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. வழிவழியாக வந்தவன், காசுக்கு வந்தவன், காட்டிலிருந்து வந்தவன், எதிரியிடமிருந்து பிரிந்து வந்தவன். அர்த்தசாஸ்திரத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு பட்டியல் உண்டு. எப்படிச் சண்டை போடுவான் என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்பான் என்பதுதான் அவர்களுக்குக் கவலை. சம்பளம் கொடுக்கும் அரசனின் பார்வை அது.

தொல்காப்பியத்தின் புறத்திணை இன்னும் சுவையானது. ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி, மதிலை வளைப்பது உழிஞை, களத்தில் நேருக்கு நேர் மோதுவது தும்பை. ஆளைப் பிரிக்காமல் செயலைப் பிரித்திருக்கிறார்கள். டிபிஏ ஆட்டம் எல்லாமே தும்பைதான். வெட்சி ஆட வேண்டுமென்றால் பலகை குறைவாக, மாடு நிறைய வேண்டும். 15 மி.மீ. மாடு கிடைப்பதுதான் கஷ்டம்.

சக்கர வியூகம் வைக்கலாமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. மேசையில் வியூகம் என்பது வரிசை, நெடுக்கு, பலகைக்குப் பின் பலகை, அவ்வளவே. 12 பலகையில் சக்கரம் வைத்தால் ஓட்டை விழுந்த தோசை மாதிரி இருக்கும்.

அர்த்தசாஸ்திரத்தின் நான்கு மூல வியூகங்கள் மேசைக்கு நன்றாகப் பொருந்தும்: தண்டம், போகம், மண்டலம், அசங்கதம். கோல் போல நேர்வரிசை, பாம்பு போல வளைந்து செல்வது, எல்லாத் திசையும் பார்ப்பது, பிரிந்து நிற்பது. பகடை 1 விழுகிற முறையில் ஒரு குழுவைத்தான் நகர்த்த முடியும். அப்போது அசங்கதம் வைத்தவன் தலையில் கை வைத்துக்கொள்வான், தண்டம் வைத்தவன் எல்லோரையும் ஒரே தள்ளாகத் தள்ளுவான். ஆணை போய்ச் சேரும் வேகம்தான் வியூகத்தின் விலை என்று எனக்குப் புரிந்தது அந்த மாதிரி ஒரு 1 விழுந்த நாளில்தான்.

பாரதக் கணக்கில் படை அமைக்க ஆசையா? ஒரு பத்தி என்பது 1 தேர், 1 யானை, 3 குதிரை, 5 காலாள். அதைப் பெருக்கிக்கொண்டே போனால் ஓர் அக்குரோணிக்கு 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். பத்துப் பலகைக்கு அப்படியே பொருந்தும். அந்த விகிதத்தில் ஒருமுறை ஆடினேன், தோற்றேன், பார்க்க அழகாக இருந்தது.

இந்தியத் தேர் எந்த வகை? வில்லாளி கையில் பெரிய வாளும் இருக்கிறதே?

போரஸின் தேரில் நான்கு குதிரை, ஆறு பேர் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ்: இரண்டு கேடயக்காரர், இரண்டு வில்லாளி, இரண்டு சாரதி. சாரதிகளும் கிட்ட வந்தால் கடிவாளத்தை விட்டுவிட்டு எறிவேல் வீசுவார்கள். இவ்வளவு கனம் என்றால் நைட். அன்று மழை பெய்து தேர்கள் சேற்றில் புதைந்தன என்பதும் அவர் சொன்னதே. சேறு வகையை மாற்றாது, நிலத்தைத்தான் மாற்றும்.

வில்லாளியைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் சொல்வது: ஆள் உயர வில், நுனியைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி நாணை இழுப்பான். இடுப்பில் அகலமான வாள், கைகலப்பில் இரு கையாலும் வீசுவான். இதைப் படித்தவர்கள் உடனே பிளேட் என்பார்கள். காலை ஊன்றி நின்று எய்பவன் பாய்ந்து வர மாட்டான், வாள் அவனுக்குக் கடைசிக் கதி. ஆகவே பவ்.

கடாரம் படையெடுப்பை ஆடலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் பழைய கடாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே நின்றுவிட்டு வந்த யாருக்கும் இந்த ஆசை வரும். முதலாம் ராஜேந்திரன் கப்பல் அனுப்பியது 1025இல். மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை அவன் யானைகளோடு பிடித்ததையும், வித்தியாதரத் தோரணத்தையும், ஊர் ஊராகப் பெயர்களையும் சொல்கிறது. அணிவகுப்பை அது சொல்லவில்லை. எனவே ஒரு பக்கம் யானை உண்டு என்பது மட்டும் உறுதி. சோழர் பக்கம் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் என்பதால் நாங்கள் பிளேடும் பவ்வும் கூடுதலாகவும் குதிரை ஒரே ஒரு பலகையாகவும் வைக்கிறோம். கடற்கரை மேசையின் ஓர் ஓரம். நன்றாக ஓடும் ஆட்டம்.

ஒரு பலகையில் எத்தனை பொம்மை ஒட்டுவது?

15 மி.மீ. பொம்மைக்குப் பலகை அகலம் எப்போதும் 40 மி.மீ. பிளேட், ஸ்பியர், பைக் நான்கு. ஆக்ஸிலியா மூன்று. ப்ஸைலாய் இரண்டு. கேவல்ரியும் நைட்டும் மூன்று, லைட் ஹார்ஸ் இரண்டு, யானை ஒன்று. நெருக்கத்தைப் பார்த்தாலே வகை தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒட்டுவதற்கு முன் வகையை முடிவு செய்யுங்கள். வேளைக்காரரை நான் இரண்டு முறை பெயர்த்து ஒட்டியிருக்கிறேன், ஒருவனுக்குக் கால் இல்லை.

அடிப்பூச்சு ஸ்ப்ரே மாலை மழைக்குப் பிறகு அடிக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் மாவு தூவினாற்போல் வெளுத்துவிடும். ஒருமுறை 40 பேரைக் கொண்ட ஃபாலங்க்ஸ் (நீள்வேல் அணி) முழுவதும் திருநீறு பூசிய பக்தர்களாகிவிட்டது.

பொம்மையே இல்லாமல் வரலாமா?

வரலாம். அட்டையை 40 மி.மீ. அகலத்தில் வெட்டி வகையை எழுதி வந்தாலும் ஆடலாம். மாடியில் இரவல் படைகள் ஐந்து இருக்கின்றன. பகடை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள். என்னுடையதில் 1தான் அதிகம் விழுகிறது, அக்கா மகன் அதைத் தொடவே மறுக்கிறான்.